சாரல் காலத்துச் சிரட்டை ஓசை

ஆனி மாதம் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து வீசத் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்கள் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பூந்தூறல் விழும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் உலராது. பேரருவியில் தண்ணீர் விழுகிறதா, ஐந்தருவியின் ஐந்து கிளைகளும் ஓடுகின்றனவா என்பதே கடைத்தெருவின் பேச்சாக இருக்கும். அந்நாட்களில் நம் வீட்டுக்கு உறவினர் வருகை மிகும். கடையநல்லூரிலிருந்தும், பொட்டல்புதூரிலிருந்தும், மேலப்பாளையத்திலிருந்தும் குற்றாலக் குளியலைச் சாக்காக வைத்து வருவார்கள். காலையில் அருவி, பகலில் உறக்கம், மாலையில் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் தேநீரும் பேச்சும் என்று பொழுது கழியும்.

இவ்வாண்டுச் சாரலுக்கு வந்தவர்கள் நம் வீட்டில் புதியதோர் ஓசையைக் கேட்டார்கள். பத்து வயதான நம் பேத்தி, இரண்டு சிரட்டைகளைச் சேர்த்து ஒட்டி, உள்ளே கூழாங்கற்களை இட்டு, மேலே பச்சைத் துணியைச் சுற்றி வைத்திருக்கிறாள். தாழ்வாரத்துத் தகரத்தில் தூறல் விழும் தாளத்துக்கு ஏற்ப அதனைக் குலுக்குவாள். கால்களும் தாமாகவே அசையும். வந்திருந்த மூத்த உறவினர் ஒருவர், “இது என்ன விளையாட்டு? நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதாகத் தெரியவில்லையே!” என்று வினவினார். அன்று சுருக்கமாக விடை சொன்னோம். அது போதவில்லை என்று பின்னர் தோன்றியது. அச்சிரட்டையின் கதையை முழுமையாகச் சொல்லவே இப்போது எழுதுகோலை எடுத்தோம். அக்கதையில் நம் பிழையும் ஒன்று கலந்திருக்கிறது. அதனையும் மறைக்காது சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

கதை இலங்கையில் தொடங்குகிறது. நம் வாப்பா அவர்கள் இளமையில் புத்தளத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்தார்கள். நம் வட்டாரத்து முஸ்லிம்கள் கடல் கடந்து பிழைக்கச் சென்றது புதிய செய்தியன்று. இலங்கையும் பினாங்கும் சிங்கப்பூரும் நம் பாட்டனார்களுக்குப் பக்கத்துத் தெருக்களைப் போன்றவை. புத்தளத்தை அடுத்துச் சிரம்பியடி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துகீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் தத்தம் காலங்களில் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டு வந்த ஆப்பிரிக்கரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். சமயத்தால் பெரும்பாலும் கத்தோலிக்கர்.

வாப்பா அவர்களின் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர் தம் இல்லத் திருமணத்துக்கு அழைக்க, வாப்பாவும் சென்றிருக்கிறார்கள். அன்றிரவு கண்ட ‘மஞ்ஞா’ என்னும் ஆடலைப் பற்றி வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிரட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவார்களாம். கண்ணாடிப் புட்டியைக் கரண்டியால் தட்டுவார்களாம். ரபானும் மத்தளமும் சேரும். பாட்டு மெல்லத் தொடங்கும். போகப் போக விரைவு கூடும். கிழவிகளும் எழுந்து ஆடுவார்கள். அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துகொண்டிருந்த போர்த்துகீசியக் கலப்பு மொழி அப்பாட்டுகளில்தான் உயிரோடிருந்தது. “ஊர் போயிற்று, பெயர் போயிற்று, பேச்சும் போயிற்று. கால் மட்டும் மறக்கவில்லை” என்பார்கள் வாப்பா.

அம்மக்களை நம் தமிழில் ‘காப்பிரி’ என்றழைப்பது வழக்கம். இச்சொல்லின் பிறப்பை எண்ணிப் பார்த்தோருண்டோ? ‘காஃபிர்’ என்னும் அரபுச் சொல்லை, கிழக்காப்பிரிக்கக் கரையில் இஸ்லாத்தைத் தழுவாதிருந்தோரைக் குறிக்க அரபு வணிகர்கள் ஆண்டார்கள். அவர்களிடமிருந்து போர்த்துகீசியர் கற்று, ஓர் இனத்துக்கே பெயராக்கிவிட்டார்கள். அங்கிருந்து அது நம் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. சுருண்ட முடியோடும் கறுத்த மேனியோடும் பிள்ளை பிறந்தால், ‘காப்பிரிப் பிள்ளை’ என்று கேலி பேசும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டா, இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டில் உண்டு. மேற்சொன்ன பேத்தி, சிங்கப்பூரில் பணிபுரியும் நம் மூத்த மகனின் புதல்வி; படிப்பின் பொருட்டு நம்மோடு தென்காசியில் வளர்கிறாள். கறுத்த நிறம், சுருண்ட முடி. பள்ளிக்கூடத்தில் யார் என்ன சொன்னார்களோ அறியோம்; வீட்டில் சொன்னவற்றை அறிவோம். “இந்தப் பிள்ளைக்கு எங்கே மாப்பிள்ளை தேட?” என்று அவள் காதுபடப் பேசிய மாமிமார்கள் உண்டு. நம் துணைவியார் அன்பு மிகுதியால் நாள்தோறும் கடலை மாவும் பயற்ற மாவும் குழைத்து அவள் முகத்தில் தேய்ப்பார்கள். அன்பினால் செய்த அக்காரியம் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்பதை நாம் எவரும் எண்ணவில்லை. ஒருநாள் அவள், “வாப்பும்மா, நிறம் போகிற வரைக்கும் தேய்க்கணுமா?” என்று கேட்டாள். நம் துணைவியார் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

இதைவிடப் பெரிய பிழை நம் மீதே உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் நம் இளைய மகனுக்குப் பெண் பார்க்க, பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். குர்ஆனை அழகுற ஓதும் பெண், பட்டம் பெற்றவள், பண்பான குடும்பம். அவளே தேநீர் கொண்டு வந்து வைத்தாள். அப்போதே நம் துணைவியாரின் முகத்தையும், அவர்கள் நம் முகத்தையும் பார்த்துக்கொண்டோம். அரைக் குவளைத் தேநீரோடு எழுந்து வந்துவிட்டோம். ‘எல்லாம் சரி, நிறம் சற்றுக் குறைவு’ என்று தரகரிடம் சொல்லியனுப்பினோம். மகன், “நான் ஒன்றும் சொல்லவில்லையே, வாப்பா” என்று மட்டும் சொன்னான். அது ரபீஉல் அவ்வல் மாதம். அன்றிரவே மீலாது மேடையில் நாம் பேச வேண்டியிருந்தது. தலைப்பு, ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வாழ்வு! ஹபஷிப் பெண்மணிக்குப் பிறந்த அடிமை, சுடுமணலில் நெஞ்சில் பாறை சுமந்து ‘அஹத், அஹத்’ என்ற திருவாயர், அபூபக்கர் (ரலி) அவர்களால் விடுதலை பெற்று இஸ்லாத்தின் முதல் முஅத்தினாக உயர்ந்த வரலாற்றை உருக்கமாகச் சொன்னோம். கேட்டோர் கண்ணீர் வடித்தனர். நாமும் வடித்தோம். பகலில் செய்ததும் இரவில் சொன்னதும் ஒரே நாளின் இரு பாதிகள் என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

அந்த இளைய மகன் இப்போது குஜராத்தில், அங்கலேஷ்வரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சென்ற அரையாண்டு விடுமுறையில் பேத்தியையும் அழைத்துக்கொண்டு, நெல்லையிலிருந்து கொங்கணக் கரை வழியே செல்லும் ரயிலில் அவனிடம் போயிருந்தோம். ஒரு வியாழக்கிழமை மாலை அவன், “வாப்பா, உங்களுக்கு ஓரிடம் காட்டுகிறேன்” என்று பரூச் மாவட்டம் ரத்தன்பூர் மலைக்கு அழைத்துச் சென்றான். பாபா கோர் என்னும் ஹபஷி மகான் அடங்கியுள்ள தர்கா அங்கே இருக்கிறது. அவரைச் சார்ந்தோராகக் கருதப்படும் பாபா ஹபஷ், மாயி மிஸ்ரா ஆகியோரின் அடக்கத்தலங்களும் அம்மலையில் உள்ளன. முஸ்லிம்கள் மட்டுமின்றி எல்லாச் சமயத்தவரும் நோய் நொடி தீர வேண்டி வருகிறார்கள். நம் பொட்டல்புதூர் முஹ்யித்தீன் ஆண்டவர்கள் தர்காவை அறிந்த நமக்கு அக்காட்சி புதிதாகப்படவில்லை.

“இங்கே சித்திகள் தாம் காலம் காலமாகத் தொண்டு செய்கிறார்கள்” என்றான் மகன். பேத்தி, “எந்தச் சித்தி? யாருடைய சித்தி?” என்று கேட்டாள். அனைவரும் சிரித்தோம். ‘என் தலைவர்’ என்று பொருள்படும் ‘ஸையிதீ’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே அப்பெயர் என்று அறிஞர் பலர் கூறுவர். கிழக்காப்பிரிக்காவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் பல நூற்றாண்டுகளாக அடிமைகளாய், மாலுமிகளாய், வீரர்களாய், வணிகர்களாய் இந்தியக் கரைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அடிமையாய் வந்து அஹ்மத்நகர் அரசின் தூணாய் நின்று, 1626இல் மறைந்த மாலிக் அம்பர் அவர்களுள் ஒருவர். அஹ்மதாபாதில் 1573இல் எழுந்த ஸீதி ஸையித் பள்ளிவாசலின் கல் சாளரத்தில், மரக்கிளைகளைக் கல்லில் சரிகை போல் பின்னியிருக்கும் அழகைப் படத்திலேனும் காணாதோர் அரியர். அதுவும் ஒரு ஹபஷிப் பெருமகனின் பெயரால் நிற்பது. ஆயினும் அரசோச்சியவர் சிலர். கல் உடைத்தவரும் காடு திருத்தியவரும் பலர்.

ரத்தன்பூர் மலை, அகீக் கல்லுக்குப் பெயர் பெற்றது. நம்மவர்கள் விரலில் அணியும் அகீக் மோதிரத்தின் கல்தான். வெட்டியெடுக்கும்போது அது மங்கலாக இருக்கும். தீயில் சுட்டால்தான் செந்நிறம் பெறும். இங்கிருந்து கம்பாத் நகருக்குச் சென்று மணியாகக் கடைந்து, கப்பலேறி ஆப்பிரிக்கக் கரைவரை விலைபோயிற்று. பாபா கோரையே அக்கல் தொழிலின் காவலராக மக்கள் போற்றுகின்றனர். மணி ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. மனிதர் அங்கிருந்து இங்கு வந்தனர். இரண்டையும் சுமந்தது ஒரே கடல்.

மக்ரிப் தொழுகைக்குப் பின் முரசு முழங்கியது. தரையில் நிறுத்தி முழக்கும் பெரிய முரசை ‘முகர்மான்’ என்கிறார்கள். தோளில் தொங்கவிட்டு அடிப்பது ‘முஸிந்தோ’. வில்லில் நரம்பு பூட்டி, சுரைக்குடுக்கை கோத்து, சிறு கோலால் தட்டி இசைப்பது ‘மலுங்கா’. நம் நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டை அறிந்தோருக்கு வில் இசைப்பது வியப்பன்று; ஆயினும் இந்த வில்லின் குரல் வேறு. சிரட்டைக்குள் கற்களை இட்டுத் துணி சுற்றிய குலுக்கியும் உண்டு. அதற்கு அம்மலையில் அடங்கிய அன்னையின் பெயரையே இட்டு ‘மாயி மிஸ்ரா’ என்கிறார்கள். ஆடலைத் ‘தமால்’ என்றும் ‘கோமா’ என்றும் சொல்கிறார்கள். கிழக்காப்பிரிக்க ஸ்வாஹிலி மொழியில் ‘ங்கோமா’ என்றால் முரசு, ஆடலும் அதுவே. வாப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பேச்சு குஜராத்தியாகிவிட்டது, அந்த ஒரு சொல் மட்டும் கடல் கடந்தும் பிழைத்திருக்கிறது.

முதலில் இறைவன் பெயரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழையும் பிலால் (ரலி) அவர்களின் பெயரையும் மெல்லப் பாடினார்கள். தம்மைப் பிலால் (ரலி) அவர்களின் வழியினர் என்று சொல்லிக்கொள்வது அவர்களின் வழக்கம். பிறகு தாளம் விரைந்தது. தோள் தனியே, இடுப்பு தனியே, பாதம் தனியே பேசுவது போலிருந்தது. ஆயினும் எல்லாம் முரசின் சொல்லுக்கே கட்டுப்பட்டன. கந்தூரிகளில் நம் ஃபக்கீர்மார்கள் தாயிராக் கொட்டிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அதன் தூரத்து உறவினரைக் கண்டாற் போலிருந்தது.

நம் கருத்தைக் கவர்ந்தது ஆடியவர்களைவிட ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி. அவர்களைச் சுற்றி ஆறேழு சிறுவர் சிறுமியர். எவரையும் அவர்கள் ‘இப்படி ஆடு’ என்று சொல்லவில்லை. மடியிலிருந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலால் தாளம் தட்டினார்கள். ஒரு சிறுவன் தாளம் தவறியபோது அவன் முதுகில் கை வைத்து, முரசின் அடி விழும் கணத்தில் மெல்ல அழுத்தினார்கள். அவ்வளவே பாடம். “என் தாய் எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். காதால் கேட்டால் மறந்து போகும், முதுகால் கேட்டால் மறக்காது” என்றார்கள். மகன் எடுத்துச் சொன்னான்.

அருகிலிருந்த முதியவர் ஒருவர் தம் மனக்குறையையும் சொன்னார். கிர் காட்டுப் பக்கம் சிங்கம் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக அவருடைய உறவினர்கள் மயிலிறகு கட்டி, முகத்தில் வண்ணம் தீட்டி ஆடுகிறார்கள். மேலே எறிந்த தேங்காயைத் தலையில் ஏந்தி உடைக்கிறார்கள். அயல்நாட்டு மேடைகளுக்கும் சென்று வருகிறார்கள். “அது பிழைப்பு. பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தலையில் உடைகிற தேங்காயைப் பார்க்கிறார்கள், தலையைப் பார்ப்பதில்லை” என்றார். நாம் தலை குனிந்தோம். ஏனெனில் நாமும் அதுவரை கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆடல் ஒன்றே அவர்களின் அடையாளம் என்று எண்ணுவதும் தவறு. கிர் காட்டோரத்து ஜாம்பூர் கிராமத்தில், இளமையில் தாய் தந்தையரை இழந்து பாட்டியிடம் வளர்ந்த ஹீர்பாயி இப்ராஹீம் லோபி என்னும் அம்மையார், வானொலி கேட்டு உழவு நுட்பம் கற்று, சித்திப் பெண்களை ஒன்று சேர்த்து, சேமிப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழி கண்டார். 2023இல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

இனி அந்த மாலையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம். மூதாட்டியின் கண் நம் பேத்தியின் மீது விழுந்தது. அருகே அழைத்தார்கள். அவள் கன்னத்தைத் தடவினார்கள். சுருண்ட முடியை விரலால் கோதினார்கள். “இவள் எங்கள் பிள்ளை. உங்களிடம் எப்படி வந்தாள்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அவளுடைய முடியையும் நிறத்தையும் ஒருவர் உரிமை கொண்டாடியதை அக்குழந்தை அன்றுதான் கண்டாள். அவள் முகம் மலர்ந்ததை எழுத நம்மிடம் சொல் இல்லை. மூதாட்டி ஒரு மாயி மிஸ்ராவை அவள் கையில் கொடுத்து, முதுகில் தம் கையை வைத்தார்கள்.

பேத்தி நம்மைத் திரும்பிப் பார்த்தாள். நம் துணைவியார் தயங்கினார்கள். நாமும் தயங்கினோம். நம் வீடுகளில் பெண் குழந்தை பலர் முன் ஆடுவது வழக்கமில்லை. இசை குறித்தும் ஆடல் குறித்தும் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டென்பதையும் அறிவோம். தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. அந்நேரத்தில் நம் உள்ளத்தில் எழுந்தது ஸஹீஹான நபிமொழி நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி.

ஒரு பெருநாளன்று ஹபஷிகள் மஸ்ஜிதுன் நபவியில் ஈட்டிகளும் கேடயங்களும் கொண்டு ஆடி விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காண, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அன்னையாரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். அன்னையாரே களைத்து, போதும் என்று விலகும் வரையில் அண்ணலார் நின்றுகொண்டே இருந்தார்கள். ஹபஷிகளைத் தடுக்க முனைந்த உமர் (ரலி) அவர்களையும், விட்டுவிடுமாறு பணித்தார்கள். விளையாட்டை விரும்பும் இளம் பெண்ணின் ஆவலை எண்ணிப் பாருங்கள் என்று அன்னை அவர்களே பின்னாளில் அறிவித்திருக்கிறார்கள். இந்நிகழ்ச்சியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஆட்சியும் படையும் வேதமும் சுமந்த திருத்தோள்கள் ஒரு சிறுபெண்ணின் ஆசைக்காக அசையாது நின்றன என்பதும், அன்று ஆடியவர்கள் ஹபஷிகள் என்பதும் அம்மலையில்தான் ஒருசேர நம் நெஞ்சைத் தொட்டன.

நாம் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டோம். “ஆடு, கண்ணு” என்றோம். அவள் ஆடினாள். தாளம் தவறினாள், மூதாட்டியின் கை முதுகில் அழுந்தியது, சரிசெய்துகொண்டாள். அவள் களைத்து, தானாக வந்து வாப்பும்மாவின் மடியில் விழும் வரையில் நாம் நின்றோம். முழங்கால் வலித்தது. நின்றோம். பக்கத்தில் நின்ற மகன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாததன் பொருள் நமக்குப் புரிந்தது.

ஊர் திரும்பிய பின் இதைப் பற்றி மேலும் படித்தோம். ஆப்பிரிக்காவிலிருந்து பறித்தெடுக்கப்பட்ட மக்கள் சென்ற இடமெல்லாம் இவ்வாறே காலிலும் முதுகிலும் தம் ஊரைச் சுமந்து சென்றிருக்கிறார்கள். மொரோக்கோவின் ‘க்னாவா’ மக்களும் பிலால் (ரலி) அவர்களையே தம் முன்னோராகப் போற்றி, இரவெல்லாம் பாடி ஆடுகிறார்கள். 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பிரேசிலில் அடிமைகளின் வழியினர் ‘கப்போய்ரா’ என்று, ஆடலும் தற்காப்பும் கலந்த ஒன்றைக் காத்து வந்தனர். 1890ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. ஆயினும் மெஸ்த்ரே பிம்பா என்னும் ஆசான் 1932இல் சல்வதோர் நகரில் அதற்கொரு பள்ளி தொடங்கினார். அந்த ஆடலை நடத்துவதும் சுரைக்குடுக்கை கோத்த ஒரு வில்லே! ரத்தன்பூரின் மலுங்காவும் பிரேசிலின் அந்த வில்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அமெரிக்காவில் காதரீன் டன்ஹம் என்னும் கறுப்பின அம்மையார், மானிடவியல் கற்றவர், 1935இல் கரீபியன் தீவுகளுக்குச் சென்று, ஹைத்தி மக்களோடு தங்கி அவர்களின் ஆடலைப் பயின்றார். பின்னாளில் நியூயார்க்கில் பள்ளி நடத்தினார். 1960களின் இறுதியில் கிழக்கு செயின்ட் லூயிஸ் என்னும் வறிய நகரில் பயிற்சி நிலையம் நிறுவி, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இவர்கள் கற்பித்தது வெறும் அசைவையன்று. ‘உன் உடல் வெட்கப்பட வேண்டியதன்று’ என்பதே இவ்வாசான்கள் அனைவரின் முதற் பாடம். ரத்தன்பூர் மூதாட்டி ஒரு மாலைப் பொழுதில் நம் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுவே. பத்து ஆண்டுகளாக நாம் சொல்லிக் கொடுக்கத் தவறியதும் அதுவே.

ஊர் வந்த அடுத்த ஜும்ஆவுக்குப் பின், முன்னர் நாம் பெண் பார்க்கச் சென்ற வீட்டுப் பெரியவரைத் தேடிச் சென்றோம். கையைப் பிடித்துக்கொண்டு மாப்புக் கேட்டோம். அவர் பெருந்தன்மையாளர். “அதெல்லாம் பழைய கதை, பாய். மகள் நல்ல இடத்தில் நலமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்” என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று நீங்கள் போன பிறகு, நீங்கள் வைத்துச் சென்ற குவளைகளைக் கழுவிக்கொண்டே ‘தேநீர் சரியில்லையா, வாப்பா?’ என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை” என்றார்.

நம்மாலும் முடியவில்லை. இன்றளவும் முடியவில்லை.

கறுப்பருக்கு மேல் வெள்ளையருக்கோ, வெள்ளையருக்கு மேல் கறுப்பருக்கோ இறையச்சத்தால் அன்றி உயர்வில்லை என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரையின் சாரம். மக்கா வெற்றி நாளில் கஅபாவின் மீதேறிப் பாங்கு சொல்லும் பேற்றைப் பெற்றவர்கள் பிலால் (ரலி) அவர்கள். அப்பெயரை நம் ஆண் பிள்ளைகளுக்கு ஆசையோடு சூட்டுகிறோம். அந்நிறத்தோடு ஒரு பெண் நம் வாசலுக்கு மருமகளாக வரவிருக்கும்போது தரகரைத் தேடுகிறோம். மேடையில் மதிப்பதை மணப் பேச்சில் மறக்கிறோம். சித்திகளின் ஆடலை வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போகும் பயணிகளைக் குறை சொல்ல நமக்கென்ன தகுதி? பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை நாமும் வேடிக்கையாகத்தானே கேட்டுக்கொண்டிருந்தோம்!

இவ்வாண்டுச் சாரலில், சிரட்டையைப் பற்றி அந்த உறவினர் கேட்ட அதே மாலையில், வந்திருந்த பெண்களுள் ஒருவர் வழக்கம் போல், “பிள்ளை சூட்டிகைதான், நிறம் மட்டும் கொஞ்சம்…” என்று தொடங்கினார். நம் துணைவியார் தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டிருந்தவர்கள், நிமிர்ந்து பாராமலே, “மச்சி, அந்தப் பேச்சு இந்த வீட்டில் இனி வேண்டாம்” என்றார்கள். குரல் உயரவில்லை. ஆனால் தாழ்வாரம் முழுதும் ஒரு கணம் அமைதியாயிற்று. கடலை மாவுக் கிண்ணம் நம் வீட்டுக் குளியலறையிலிருந்து போய் ஆறு மாதங்கள் ஆகின்றன. இப்போது கடலை மாவு பஜ்ஜிக்கு மட்டுமே.

அந்த அமைதியில் தகரத்தின் மேல் தூறல் வலுத்தது. தொலைவில் திரிகூட மலை மேகத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது. பேத்தி பச்சைத் துணி சுற்றிய சிரட்டையை எடுத்தாள். வந்திருந்த பிள்ளைகளுள் எல்லாரினும் சிறியவள் அவளருகே சென்று தானும் குலுக்க வேண்டும் என்று கை நீட்டினாள். பேத்தி சிரட்டையைக் கொடுத்தாள். பிறகு, அம்மலையில் தான் கண்டபடியே, அச்சிறுமியின் முதுகில் தன் கையை வைத்து, தூறலின் அடியைக் கேட்டு மெல்ல அழுத்தினாள்.

நிறத்தை எண்ணிப் பிள்ளைகளின் நெஞ்சை முறிக்கும் பிழையிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பங்களையும் காத்தருள்வானாக! பிலால் (ரலி) அவர்களின் பெயரை நாவால் மட்டுமின்றி நடப்பாலும் மதிக்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.